கேள்வியும் எழுத்தும்

'கேள்வி' என்னும் ஒரு சொல்லில் தமிழர் இரு கருத்துகளை அடக்கி வைத்தனர். வினவுதலும் கேள்வி, செவிவழியே கற்றலும் கேள்வி. கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கெனத் தனியே மற்றோர் அதிகாரம் வகுத்தார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இச்சொல் யாழுக்கே பெயராக நிற்கிறது. இசை என்பது கேட்டுப் பெறும் செல்வம் என்பதில் தமிழ்மரபுக்கு என்றும் ஐயம் இருந்ததில்லை.

ஆயினும் அச்செல்வத்தைக் காத்துவைப்பதில் ஒரு குறை நேர்ந்தது. தமிழ்ப் பாடல்களின் சொற்கள் ஏட்டில் ஏறின. பல பாடல்களின் இசை ஏறவில்லை. சொல்லைக் கேட்டு எழுதும் பயிற்சி திண்ணைப் பள்ளிகளில் பரவியிருந்தது. பண்ணைக் கேட்டு எழுதும் பயிற்சி அவ்வாறு பரவவில்லை. ஒரு மாணவன் தான் கேட்ட மெட்டை இன்ன சுரம், இன்ன காலம் என்று பிரித்தறிந்து தாளில் எழுத முடியுமா, அதனை அவனுக்கு எப்படிக் கற்பிப்பது என்பது இன்றைய பள்ளி இசைக் கல்வியின் வினா. தமிழகத்தில் இவ்வினாவுக்கு ஏறத்தாழ 1,300 ஆண்டு வரலாறு உண்டு.

பாறையில் எழுதிய பாடம்

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில், மேலைக்கோயில் எனப்படும் குடைவரையை ஒட்டிய பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு உள்ளது. எழுத்தமைதி கொண்டு அது 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனே அதனை வெட்டுவித்தவன் என்று ஒரு சாராரும், அவ்வாறு கொள்ளச் சான்று போதாது என்று மற்றொரு சாராரும் வாதிட்டுள்ளனர். கல்வெட்டில் மன்னன் பெயர் இல்லை. உருத்திராசாரியரின் மாணாக்கனாகிய, சிவபக்தி மிக்க ஓர் அரசன் என்ற குறிப்பு மட்டுமே உண்டு.

அக்கல்வெட்டு ஏழு பகுதிகளாக அமைந்தது. ஒவ்வொரு பகுதியும் அக்காலத்து இராகம் ஒன்றுக்கு உரியது. சுரங்கள் நான்கு நான்காகத் தொகுக்கப்பட்டுள்ளன. ஒரே சுரத்தின் எழுத்து அகரம், இகரம், உகரம், எகரம் என உயிர் மாறி மாறி வருகிறது. அவ்வேறுபாடுகள் சுரத்தின் நுண்ணிய நிலைகளைக் குறிப்பனவா, யாழில் விரலின் தொழிலைக் குறிப்பனவா என்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை. எனினும் கல்வெட்டின் நோக்கம் தெளிவாகவே சொல்லப்பட்டுள்ளது. மாணாக்கரின் நன்மைக்காக இது செய்யப்பட்டது என்று அதன் இறுதி கூறுகிறது. எட்டு நரம்புக்கும் ஏழு நரம்புக்கும் இவை உரியன என்னும் பொருள்படத் தமிழில் ஒரு தொடரும் அங்கே காணப்படுகிறது.

அரசன் ஒருவன் பாறையில் வெட்டுவித்தவற்றுள் போர் வெற்றிகள் உண்டு, நிலக்கொடைகள் உண்டு. பயிற்சிப் பாடம் ஒன்றை வெட்டுவித்தது அரிதினும் அரிது. தமிழ் மண்ணில் எழுதப்பட்ட இசை என்று இன்று கைக்கெட்டும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, மாணவருக்காக எழுதப்பட்டது என்பது கருதத்தக்கது.

இதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், இத்தாலியில் அரெஸ்ஸோ நகரத்துக் குயிதோ என்னும் துறவி இதே வினாவைச் சந்தித்தார். தேவாலயத்தில் பாடும் சிறுவர்கள் ஒவ்வொரு பாட்டையும் ஆசிரியர் வாய்வழியே கேட்டுக் கேட்டுப் பல்லாண்டு உழைத்தனர். குயிதோ கோடுகளின் மேல் சுரங்களை எழுதும் முறையைச் செப்பம் செய்தார். ஆறு சுரங்களுக்கு ஆறு அசைப்பெயர்களும் வைத்தார். பத்தாண்டு எடுத்த பயிற்சி ஓரிரு ஆண்டில் முடியும் என்று அவர் எழுதினார். ஐரோப்பிய இசையெழுத்தின் வரலாற்றிலும் திருப்பம் தந்தது மாணவரின் தேவையே.

தமிழுக்கும் ஏழிசையைச் சுட்டும் எழுத்துகள் இருந்தன. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழிசைக்கும் ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ என்னும் ஏழு நெடில்களை உரியனவாக்கித் திவாகர நிகண்டு கூறுகிறது. எழுத்துகள் தமக்குரிய மாத்திரையைக் கடந்து நீள்வதைத் தொல்காப்பியர் இசைநூலார்க்கு உரியது என்று சுட்டிச் செல்கிறார். குறி இருந்தது, அக்குறியால் எழுதப்பட்ட பாடல்கள் பெருகிக் கிடைக்கவில்லை.

நெல் காத்த பண்

எழுதாத இசையைக் காப்பதற்குத் தமிழகம் வேறொரு வழி கண்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய முதலாம் இராசராசன் 48 பிடாரர்களை நியமித்தான். அவர்களுடன் உடுக்கை வாசிக்க ஒருவரும் கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரும் சேர்ந்து 50 பேர். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் நெல் அளக்கக் கல்வெட்டு வகை செய்கிறது. ஒருவர் மறைந்தால் அவ்விடத்தில் தகுதியுடையாரை அமர்த்தும் ஏற்பாடும் உண்டு. ஒரு தலைமுறையின் தொண்டையிலிருந்து அடுத்த தலைமுறையின் செவிக்கு இசை செல்வதற்கு நெல்லே பாலமாயிற்று.

அம்முறை வலிமையானது. தேவாரப் பண்கள் ஓதுவார் மரபில் இன்றளவும் ஒலிப்பதற்கு அதுவே காரணம். பழம்பஞ்சுரம் சங்கராபரணமாகவும், காந்தார பஞ்சமம் கேதாரகௌளையாகவும், மேகராகக் குறிஞ்சி நீலாம்பரியாகவும் பாடப்படுவது ஓதுவார்கள் காத்த வழக்கினாலேயே ஆகும். ஆனால் அம்முறைக்கு ஒரு வரம்பும் உண்டு. கொடை நின்றால் கேள்வி நிற்கும். கேள்வி நின்றால் பண் நிற்கும். பதிகத்தின் தலைப்பில் பண்ணின் பெயர் மட்டும் எஞ்சும். பிற்காலத்தில் எந்தப் பண் எந்த இராகத்துக்கு நிகர் என்று முடிவு செய்ய, தமிழிசைச் சங்கம் 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களைத் தொடர்ந்து நடத்தவேண்டி வந்ததும் இதனாலேயே.

சொல் நின்றது, மெட்டு?

கவிஞர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். சீகாழி அருணாசலக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இராமநாடகக் கீர்த்தனைகளை இயற்றினார். அவற்றுக்கு இசை அமைத்தவர்கள் சட்டநாதபுரத்தைச் சேர்ந்த கோதண்டராமய்யர், வெங்கடராமய்யர் என்னும் அவருடைய இரு மாணாக்கர்கள். கவிஞரின் சொல் அச்சிலும் மேடையிலும் வாழ்கிறது. மாணாக்கர் இருவரும் அமைத்த மெட்டுகள் எழுதப்படாமையால் பெரும்பாலும் மறைந்தன. இன்று கச்சேரிகளில் கேட்கும் மெட்டுகளில் பல 20ஆம் நூற்றாண்டுப் பாடகர்கள் புதிதாக அமைத்தவை. முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோர் பாடல்களுக்கும் இதே கதி நேர்ந்தது.

பாரதியும் தம் பாடல்கள் பலவற்றுக்கு மேலே இராகமும் தாளமும் குறித்துவைத்தார். இராகத்தின் பெயர் ஊரின் பெயர் போன்றது; அவ்வூரில் எந்தத் தெரு, எந்த வீடு என்பதை அது சொல்லாது. ஒரே இராகத்தில் ஒரு வரிக்கு நூறு மெட்டு அமைக்கலாம். ஆகவே அவர் பாடிய மெட்டு எது என்று அறிய இயலாத பாடல்கள் உண்டு.

இவற்றுக்கெல்லாம் மாறாக, ஓசையைத் தன் சொல்லுக்குள்ளேயே எழுதிவைத்த ஒரு கவிஞர் தமிழுக்கு வாய்த்தார். அவர் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதர். அரூருக்கு அருகேயுள்ள தீர்த்தமலையும் அவர் திருப்புகழ் பெற்ற தலங்களுள் ஒன்று. அவர் 16,000 பாடல்கள் பாடினார் என்பது வழக்கு. கிடைத்தவை 1,300க்குச் சற்று மேற்பட்டவை. அவற்றை ஊர் ஊராகத் தேடித் தொகுத்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சேற்றத் தொடங்கியவர் வ.த. சுப்பிரமணிய பிள்ளை. அப்பணியை அவர் மைந்தர் தணிகைமணி வ.சு. செங்கல்வராய பிள்ளை தொடர்ந்தார்.

திருப்புகழ்ப் பதிப்புகளில் ஒவ்வொரு பாடலுக்கு மேலும் 'தனன', 'தத்த', 'தானன' என்றவாறு ஒரு சந்தக் குழிப்பு அச்சிடப்பட்டிருக்கும். வாசகர் பலரும் அதனைத் தாண்டிப் பாடலுக்குச் சென்றுவிடுவர். அக்குழிப்பு தமிழில் எழுந்த ஓர் இசையெழுத்து. வண்ணத்தியல்பு இயற்றிய தண்டபாணி சுவாமிகள் தத்த, தாத்த, தந்த, தாந்த, தன, தான, தன்ன, தய்ய என்று அடிப்படைச் சந்தங்களை எட்டாக வகுத்தார். குறிலா நெடிலா, இடையில் வருவது வல்லொற்றா மெல்லொற்றா இடையொற்றா என்ற வேறுபாடு முழுவதும் இவ்வெட்டில் அடங்கிவிடுகிறது. பாடலின் சொல்லை மறந்தாலும் அதன் காலக்கணக்கைக் குழிப்பிலிருந்து மீட்கலாம். குழிப்பு தொலைந்தாலும் பாடலிலிருந்து அதனைத் திரும்ப எழுதலாம்.

திருப்புகழின் பழைய மெட்டுகளும் பெரும்பாலும் மறைந்தவையே. ஆனால் அதன் தாளம் மறையவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை அரிய தாளங்களில் திருப்புகழைப் பாடிப் புகழ்பெற்றார். அத்தாளங்களுக்கு வேண்டிய கணக்கு பாடலிலேயே கிடைத்தது. அருணாசலக் கவிராயரின் மெட்டுக்கும் அருணகிரியாரின் தாளத்துக்கும் நேர்ந்த வேறுபட்ட விதிகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால், எழுதப்பட்டது நிற்கும் என்ற எளிய உண்மை விளங்கும்.

அச்சேறிய சுரம்

சுரத்தை எழுதி அச்சிடும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் விரைவு பெற்றது. தச்சூர் சிங்காராசாரியர் சகோதரர்கள் சென்னையிலிருந்து பாடநூல்களை வரிசையாகத் தெலுங்கெழுத்தில் வெளியிட்டனர். சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றிய அ.மு. சின்னசாமி முதலியார் வேறொரு வழி சென்றார். ஐரோப்பிய முறையில் தேர்ந்த அவர், பாடுவோரைப் பாடச் செய்து, செவியால் வாங்கி, ஐந்து கோட்டில் எழுதினார். தியாகராசரின் மாணாக்கர் மரபில் வந்த வாலாஜாபேட்டை கிருஷ்ணசாமி பாகவதர் போன்றோர் அவருக்காகப் பாடினர். 1893இல் அவர் தம் தொகுப்பை வெளியிடலானார். அப்பணிக்கு அவர் தம் கைப்பொருளைச் செலவிட்டார்.

ஒரு கட்டத்தில் அவருக்கு ஒன்று புலனாயிற்று. முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளின் கருவூலம் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரிடம் இருந்தது. அதனை எழுத அவர் இசைந்தாலன்றி அது அவரோடு போய்விடும். சின்னசாமி முதலியார் எட்டயபுரம் சென்று மன்னரிடமும் தீட்சிதரிடமும் வேண்டினார். குடும்பச் சொத்தாகக் காத்த வித்தையை ஊரறிய எழுதிவிடுவது எளிய முடிவன்று. தீட்சிதர் இசைந்தார். எட்டயபுரம் அரசின் உதவியால் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சாயிற்று. முத்துசுவாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் அதில் சுரப்படுத்தப்பட்டுள்ளன. சுரத்தை மட்டும் எழுதினால் போதாது என்றுணர்ந்து, அசைவுகளாகிய கமகங்களுக்கும் தனித்தனிக் குறிகளை வகுத்தமை அந்நூலின் பெருஞ்சிறப்பு. தெலுங்கில் வெளிவந்த அந்நூலைச் சென்னை சங்கீத வித்வத் சபை 1961 முதல் தமிழில் பகுதி பகுதியாக வெளியிட்டது.

அந்தப் பெருநூலை அடுத்து 1905இல் தீட்சிதர் செய்தது இன்னும் கருதத்தக்கது. தொடக்க மாணவருக்காக 'பிரதமாப்யாச புஸ்தகம்' என்ற சிறுநூலை வெளியிட்டார். அதில் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுசுர சாகித்தியங்களும் இடம்பெற்றன. அவை ஆங்கிலேயர் பாண்டு வாத்தியங்களில் கேட்ட மெட்டுகளுக்குத் தீட்சிதர் வடமொழியில் சொல்லமைத்தவை. வேற்று நாட்டு மெட்டைச் செவியால் வாங்கித் தம் எழுத்தில் அடக்கிய பயிற்சியாக அவை விளங்குகின்றன. மறு ஆண்டே, 1906இல், சுப்பராம தீட்சிதர் மறைந்தார். எட்டயபுரத்தில் பிறந்த பாரதி அவர் மறைவுக்கு இரங்கற்பா பாடினார். இரண்டு ஆண்டுகள் தாமதித்திருந்தால் அந்த இசை எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பதை எவரும் கணித்துக்கொள்ளலாம்.

தமிழில் இவ்வழியை வகுத்தவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1859இல் பிறந்த அவர் திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். தஞ்சையில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியபின் சித்த மருத்துவத்தில் பேர் பெற்றார். தொடக்க மாணவர் பாடும் கீதங்கள் பிறமொழிகளில் இருந்ததைக் கண்டு, தமிழிலேயே கீதங்களை இயற்றிச் சுரத்துடன் 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என்று வெளியிட்டார். 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகளைக் கூட்டினார். அவருடைய 'கருணாமிர்த சாகரம்' 1917இல் வெளிவந்தது. சுருதிகள் 22 என்ற கொள்கையை மறுத்து அவர் நிறுவ முயன்ற 24 சுருதிக் கணக்கை இன்று எல்லாரும் ஏற்பதில்லை. பொருள் விளங்கும் மொழியில் மாணவன் சுரம் பயில வேண்டும் என்ற அவருடைய ஆசிரிய மனம் ஏற்கத்தக்கதாகவே நிற்கிறது.

பள்ளிக்குள் வந்த இசை

1929இல் இராசா அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கினார். 1930களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைக்குத் தனித்துறை வளர்ந்தது. 1937 முதல் அதன் தலைமையில் இருந்தவர் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி. ஜெர்மனியில் மியூனிக் நகரம் சென்று மேனாட்டு இசைக் கல்வி முறைகளை அறிந்து வந்த அவர், மாணவருக்குப் படிப்படியான பாடநூல் வரிசை எழுதினார். இசை கற்பித்தல் குறித்துத் தனியே ஒரு நூலும் எழுதினார். குருவின் வீட்டில் பல்லாண்டு தங்கிக் கேட்டுக் கற்ற ஒன்றை, வாரத்துக்குச் சில மணி நேரத்தில், ஒரு வகுப்பில் பலருக்கு ஒருசேரக் கற்பிக்க வேண்டிய நிலை அப்போது எழுந்தது. 1949இல் சென்னையில் தொடங்கிய அரசு இசைக் கல்லூரிக்கு முசிரி சுப்பிரமணிய ஐயர் முதல்வரானார். பின்னர் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் தோன்றின. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம் முதலியவற்றில் மூன்றாண்டுப் பயிற்சி தரும் இப்பள்ளிகள் சேலத்திலும் கிருஷ்ணகிரியிலும் உள்ளன.

ஈழத்தில் இம்முயற்சி வேறு வகையில் வேரூன்றியது. 1931இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தர வாரியான தேர்வுகளை நடத்தலாயிற்று. இலங்கையில் கருநாடக சங்கீதம் பள்ளி மாணவர் பொதுத் தேர்வுக்கு எடுக்கும் பாடங்களுள் ஒன்றாகவும் விளங்குகிறது. பாடமும் தேர்வும் வந்தவிடத்தில் எழுத்தும் வந்தே தீரும்.

ஆயினும் எழுத்து வந்தமையால் மட்டும் செவி வந்துவிடவில்லை. அச்சிட்ட சுரத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் மாணவன், அதே சுரவரிசையை ஒரு குழலில் கேட்டால் இன்னதென்று சொல்லத் திகைப்பதுண்டு. நூலைப் பார்த்துப் பாடுவது ஒரு திறம். பாடக் கேட்டு எழுதுவது வேறொரு திறம். முன்னதைப் பள்ளிகள் ஓரளவு வளர்த்தன. பின்னதே சின்னசாமி முதலியாரிடமும் சுப்பராம தீட்சிதரிடமும் இருந்தது.

செவியின் படிகள்

பின்னதை வளர்ப்பதற்கான படிகள் மரபிலேயே உள்ளன. முதற்படி ஆதார சுருதி. தம்புராவின் ஒலியில் சட்சம் நெஞ்சில் நிலைபெறாதவனுக்கு மற்ற ஆறு சுரங்களும் நிலைபெறா. புரந்தரதாசர் வகுத்தனவாகப் போற்றப்படும் சரளி, ஜண்டை, அலங்காரம் என்ற பாடவரிசை இரண்டாம் படி. அதனை வாயால் பாடுவது பாதிப் பயன். ஆசிரியர் அகாரத்தில் பாட, மாணவன் சுரப்பெயர் சொல்வது மீதிப் பயன். மூன்று சுரங்களில் தொடங்கி எட்டுக்குச் செல்லலாம். சுரம் பிடிபட்டபின் காலம். கையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டு, எந்தத் தட்டில் சொல் விழுகிறது என்று காண்பது மூன்றாம் படி. எழுதுகோலைக் கையில் எடுப்பது அதன் பின்னரே.

தமிழில் வழங்கும் சுரக்குறிப்பு எளியது. குறில் சுரம் ஓர் அலகு, நெடில் சுரம் ஈரலகு. ஒரு காற்புள்ளி ஓர் அலகு நீட்டம். அரைப்புள்ளி ஈரலகு நீட்டம். மேலே புள்ளியிட்டால் மேல் தாயி, கீழே இட்டால் கீழ்த் தாயி. மேற்கோடு இட்டால் இரட்டிப்பு வேகம். நிறுத்தக்கோடுகள் தாளத்தின் அங்கங்களைப் பிரிக்கும். குறிலும் நெடிலும் அறிந்த தமிழ்ச் சிறுவனுக்கு இதில் பாதி முன்பே தெரிந்ததாகும். எனவே சந்தக் குழிப்பிலிருந்து சுரக்குறிப்புக்குச் செல்வது இயல்பான வழி. ஒரு கண்ணியைக் கேட்டு முதலில் 'தன தான' என்று எழுதட்டும். அதன் மேல் சுரத்தை ஏற்றட்டும். யாப்புப் பாடமும் இசைப் பாடமும் ஒரே மேசையில் அமரும் இடம் இது.

இதற்கு மேல் ஓர் அரிய படி உண்டு. தோடி இராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது. ரிஷபத்தின் அருகிலிருந்து மத்திமத்தின் அருகு வரை அசைந்தாடும். காதில் விழும் ஒலியை அப்படியே எழுதினால் பல சுரங்களை எழுத நேரும். பயின்றவர் 'கா' என்று ஒரே எழுத்தை எழுதுவர். இங்கே எழுதுபவன் ஒலியை எழுதவில்லை. அவ்வொலி எந்தச் சுரத்தின் அசைவு என்ற தன் அறிவை எழுதுகிறான். அலைவரிசையை அளக்கும் இயந்திரம் அசைவின் ஏற்ற இறக்கங்களை வரைந்து காட்டும். அதனைக் காந்தாரம் என்று கொள்வதற்குத் தோடியில் பழகிய காது வேண்டும். சுப்பராம தீட்சிதர் கமகக் குறிகளை இட்டதும், குறியிட்ட பின்னரும் குருவிடம் கேட்டுக் கற்கும் மரபு ஓயாததும் இதனாலேயே. கேள்வியும் எழுத்தும் ஒன்றற்கொன்று மாற்று ஆகா. எழுத்து நினைவூட்டும், கேள்வியே உயிரூட்டும்.

அரூர் வட்டாரத்துக்கு உரிய வேலை

கச்சேரி இசைக்கு இன்று எழுதப்பட்ட நூல்கள் உண்டு, பதிவுகள் உண்டு, பல்கலைக்கழகங்கள் உண்டு. அரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் கூத்துப் பாட்டும் கேள்வியிலேயே தங்கியுள்ளன. சித்தேரி மலைவாழ் மக்களின் பாடல்களும் அவ்வாறே. நாட்டார் பாடல் தொகுப்புகள் தமிழில் பல வந்துள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை சொல்லை மட்டும் அச்சிட்டவை. தாலாட்டின் சொல்லை மட்டும் படிப்பவருக்கு அது எங்கே நீள்கிறது, எங்கே இறங்கி ஓய்கிறது என்பது தெரியாது. அருணாசலக் கவிராயரின் மெட்டுக்கு நேர்ந்தது இப்பாடல்களுக்கும் நேர்ந்து வருகிறது.

கைப்பேசியில் பதிவு செய்துவிட்டால் போதாதா என்று வினவலாம். பதிவு இன்றியமையாதது. ஹங்கேரியில் பேலா பார்த்தோக் 1906 முதல் மெழுகு உருளைப் பதிவுக் கருவியுடன் சிற்றூர்களுக்குச் சென்றார். ஆனால் பதிவோடு நில்லாமல் அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சுரப்படுத்தினார். எழுதும்போதுதான் ஒரு பாட்டின் அமைப்பு புலப்படும். ஒரே மெட்டு எத்தனை ஊர்களில் எப்படி உருமாறி வழங்குகிறது என்று ஒப்பிட முடிவதும் எழுதிய பின்னரே.

உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி இல்லை. இசை நூலில் உள்ள பாட்டைக் கேட்டு எழுதினால் விடை முன்பே அச்சில் உள்ளது. வீட்டில் பாட்டி பாடும் தாலாட்டை எழுதினால் விடை எங்கும் இல்லை. பாடுபவருக்குச் சுருதிப் பெட்டி கிடையாது. ஆகவே பாட்டு எந்த ஒலியில் வந்து ஓய்கிறது என்று தேடிச் சட்சத்தைத் தானே நிறுவ வேண்டும். எத்தனை சுரங்கள் வருகின்றன என்று எண்ண வேண்டும். பெரும்பாலும் நான்கைந்துக்குள் அடங்கிவிடும். நீட்டங்களைக் கையால் எண்ண வேண்டும். எழுதியதைப் பாட்டியிடமே பாடிக்காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். பாடியவரே தேர்வாளராக அமையும் பேறு வேறெந்தப் பாடத்துக்கும் வாய்ப்பதில்லை. இதில் பிழை நேரும். முதல் ஆண்டில் நிறையவே நேரும். பிழையோடு எழுதிய சுரத்தைப் பின்வருவோர் திருத்தலாம். எழுதாமல் விட்டதைத் திருத்த வழியில்லை.

இலக்கிய அமைப்புகளும் கவிஞர்களும் இப்பணிக்கு வெளியே நிற்பவர்கள் அல்லர். இசைப்பாடல் இயற்றும் கவிஞர் தம் பாடலின் தலையில் இராகப் பெயரோடு நிறுத்தாமல் சந்தக் குழிப்பையும் அச்சிடலாம். முதல் வரிக்கேனும் சுரம் எழுதுவித்துச் சேர்க்கலாம். நாட்டுப்பாடல்களை வெளியிடும் மலர்கள் சொல்லுக்கு அருகே மெட்டுக்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம். அருகிலுள்ள பள்ளியின் இசை மாணவர் ஒருவருக்கு அவ்வேலையைத் தந்தால், பாடலுக்கு ஒரு காவலும் மாணவருக்கு ஒரு பயிற்சியும் ஒருசேரக் கிடைக்கும். குடுமியான்மலையில் பெயர் சொல்லாத அரசன் பாறையைத் தேடினான். சுப்பராம தீட்சிதர் அச்சகத்தை நாடினார். இன்றைய மாணவனுக்கு வேண்டியது கோடிட்ட ஒரு நோட்டும் பழகிய ஒரு செவியும். நோட்டைக் கடையில் வாங்கலாம். செவியைப் பழக்குவது ஆசிரியரின் கடன். பழகிய செவிக்குப் பாட்டைத் தேடித் தருவது கவிஞரின் கடன்.